பெயரறிந்து வாங்குவோம், இனமறிந்து வைப்போம்

நெசவாளர்க்கு நூலும் சாயமும், உழவர்க்கு உரமும் மருந்தும் வாங்கி வழங்குவது கூட்டுறவுச் சங்கங்களின் அன்றாடப் பணி. விலையையும் எடையையும் சரிபார்ப்பதில் நாம் காட்டும் அக்கறையை, வாங்கும் பொருள் எவ்வினத்தது என்று அறிவதிலும் காட்டுதல் வேண்டும் என்பது நமது கருத்து. இது பள்ளிப் பிள்ளைகளின் பாடம் மட்டும் அன்று. அங்கத்தினரின் பணத்தையும் உடலையும் காக்கும் விஷயம்.

கனிமச் சேர்மங்கள் எண்ணிறந்தவை எனினும், நாம் புழங்குபவற்றுள் பெரும்பாலானவை ஆக்ஸைடு, காரம், அமிலம், உப்பு என்னும் நான்கு இனங்களுள் அடங்கும். சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்ஸைடு. நீர் விட்டதும் அது கொதித்து நீறிக் காரமாகிறது. மோட்டார் பாட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அமிலமும் காரமும் கூடி, ஒன்றன் வேகத்தை மற்றொன்று தணிக்கும்போது உப்புப் பிறக்கிறது. சோற்றுப்பு மட்டுமே உப்பு அன்று. மயில்துத்தம், ஜிப்சம், சலவைச் சோடா, அம்மோனியம் சல்பேட்டு ஆகியனவும் உப்புகளே. யூரியாவோ கரிமச் சேர்மம், இக்கணக்கில் சேராது.

முதலில் உழவரைப் பார்ப்போம். பழையசீவரத்தில் செய்யாற்றோடும் வேகவதியோடும் கூடும் பாலாற்றின் கரையில், மேற்கே இராணிப்பேட்டையில், 1906 ஆம் ஆண்டிலேயே பாரி கம்பெனியார் உரத் தொழிற்சாலை நிறுவினர். பாஸ்பேட்டுப் பாறைப் பொடியில் கந்தக அமிலத்தைச் சேர்த்துப் பெறுவதே சூப்பர் பாஸ்பேட்டு. அமிலத்தின் உதவியால் கரையாத பாறை, பயிர் உண்ணும் உப்பாகிறது. ஆனால் கூடாத கூட்டும் உண்டு. நூறு கிலோ அம்மோனியம் சல்பேட்டில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து உள்ளது. அதனோடு சுண்ணாம்பைக் கலந்தால் அம்மோனியா வாயு கிளம்பும். மூக்கைத் துளைக்கும் அந்நெடி, உழவர் கொடுத்த பணம் காற்றில் பறப்பதன் அடையாளமேயாகும்.

நெசவாளர்க்கும் இவ்வறிவு அவசியம். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பசை. அதை நீக்கச் சோப்போடு சிறிது சலவைச் சோடா இட்டுக் காய்ச்சுவர். சலவைச் சோடா உப்பாயினும் நீரில் மென்மையான காரத்தன்மை காட்டும். அதன் இடத்தில் காஸ்டிக் சோடா விழுமானால் பசையோடு பட்டும் கரையும். பருத்தி அக்காரத்தைத் தாங்கும். புரதத்தால் ஆன பட்டுத் தாங்காது. இரண்டும் வெண்மையானவை, இரண்டுக்கும் பெயர் 'சோடா'. எழுத்தில்லாத டப்பா ஒன்று போதும், ஒரு பாவு முழுவதையும் பாழாக்க!

பொருளின் இனமறிந்தால் நாமே சோதித்துக்கொள்ளவும் இயலும். 1885 இல் பிரான்சு தேசத்துப் போர்தோவில் மில்லார்தே கண்ட போர்டோக் கலவை, பூஞ்சண நோய்க்கு இன்றும் பயன்படுகிறது. 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ என்பது ஒரு சத அளவு. மண் அல்லது மரப் பாத்திரத்திலேயே கலத்தல் வேண்டும். துலக்கிய இரும்புக் கத்தியை அதில் தோய்த்தால் செம்பு படியலாகாது. படிந்தால், புளிப்புத் தணியவில்லை, இன்னும் சுண்ணாம்பு தேவை என்று பொருள்.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு சங்கத்தின் பண்டகசாலையிலும், எல்லா டப்பாக்களிலும் பொருளின் பெயரும் இனமும் தமிழில் எழுதப்படுக. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஓரிடத்தில் இருத்தலாகாது. அவை கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றுக. அமிலத்தின் மேல் நீரை ஊற்றற்க. குடிநீர்ச் சீசாக்களில் இவற்றை ஒருபோதும் அளந்து கொடுத்தலாகாது. அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு ஒரு சிறு புட்டி மையும் ஒரு தூரிகையுமே. காக்கப்படுவதோ பட்டும் பயிரும் உயிரும்.