பார்த்தவருக்கு இல்லாத தீட்டு

பால் தாமஸ் ஆண்டர்சனின் 'பூகி நைட்ஸ்' (1997) லாஸ் ஏஞ்சல்ஸின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் நடக்கும் கதை. ஆபாசப் படங்களில் நடித்த கறுப்பினத்தவர் பக் ஸ்வோப், ஸ்டீரியோ கடை வைக்க வங்கியில் கடன் கேட்கிறார். செய்த தொழிலைக் காட்டி மறுக்கிறார்கள். சக நடிகை ஆம்பருக்கோ பெற்ற மகனே இல்லையென்றாகிறது. காசு கொடுத்து அந்தப் படங்களைப் பார்த்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அத்தொழிலின் சுரண்டலுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 'வேறு வேலைக்குப் போ' என்று உபதேசிப்பவர்களே வெளியேறும் வழியையும் அடைப்பதைத்தான் கேட்கிறோம். பக் கடைசியில் கடை திறக்கிறார், ஒரு கொள்ளையில் ரத்தத்துக்கு நடுவே கிடந்த பணத்தை எடுத்து. முறையாகக் கேட்டபோது கிடைக்காத பணம் அது. தொழிலைச் சொல்லி ஒதுக்கப்பட்ட நமக்கு அந்த வங்கி மேசை புதிதல்ல.