கருவாட்டுக்கு ஓப்பனர் வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக் அக்கா ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, வந்து பாரு. இனிமே எந்தப் போர் வந்தாலும் எனக்குக் கவலையில்லை" என்றார். பாம்ப் ஷெல்ட்டர் கதவைத் திறந்தார். சிங்கப்பூரின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தோடு புதிய அடுக்குமாடி வீடுகளுக்குள் நுழைந்த கான்கிரீட் அறை அது. பழைய மின்விசிறி, குழந்தை சைக்கிள், தீபாவளி விளக்குப் பெட்டி எல்லாவற்றுக்கும் பின்னால் மத்தி டின்கள் இடுப்புயரம் நின்றன. அடி வரிசையில் ஒன்றை உருவினேன். தேதி 2023. 2020 பிப்ரவரி 7 அன்று, கொவிட் எச்சரிக்கை ஆரஞ்சுக்கு மாறியதும் ஊரே தள்ளுவண்டியோடு ஓடியதே, அன்றைய வேட்டை!

"டின்னு கெடாது தம்பி."

இந்த ஒரு வாக்கியத்தைச் சிராங்கூன் சாலையில் எத்தனை வாய்களில் கேட்டிருக்கிறேன்! மத்தி மிதக்கும் தக்காளிச் சாற்றின் புளிப்பு உள்ளிருந்தே தகரத்தை அரிக்கும். அப்படிப்பட்ட டின்னை ஒன்றரை வருடத்துக்குள் தீர்த்துவிட்டால்தான் சுவையும் தரமும் நிற்கும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அதுவும் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால். குளிர்ந்த, உலர்ந்த இடமாம், சிங்கப்பூரில்! மதியம் 31, 32 டிகிரி. துணி காயாத ஈரக்காற்று. அதில் காற்றோட்டமில்லாத கான்கிரீட் பெட்டி. டின்னின் விளிம்பில் துரு பூக்காமல் மல்லிகையா பூக்கும்?

என் பாட்டிக்குப் போரும் தெரியும், பஞ்சமும் தெரியும். அவர் அடுக்கியது கருவாடு. தேக்கா சந்தையில் வாங்கி, வெயில் கண்ட நாளில் மறுபடி காயப்போட்டு, தாளில் சுற்றி வைப்பார். கெட்டால் பெரும்பாலும் மூக்கே சொல்லிவிடும். டின்னுக்குள் விஷம் உண்டானால் வாசனையும் காட்டாமல் போகலாம், ருசியும் காட்டாமல் போகலாம். கருவாடு புடைக்காது. கருவாட்டுக்கு ஓப்பனரும் வேண்டாம். தகர டப்பாவுக்குக் காப்புரிமை கிடைத்தது 1810இல். அதைத் திறக்க ஒழுங்கான கருவி வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். அக்காவிடம் ஓப்பனர் எங்கே என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்.

மத்தி டின் மேல் எனக்குப் பகையில்லை. கோழிப் படம் போட்ட அந்த டப்பாவின் நிறுவனத்தை 1892இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியதே இந்த ஊரில்தான். வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டினால் நானும் இரண்டு தட்டு சாப்பிடுவேன். வாங்கு, தின், மறுபடி வாங்கு. புதைத்து வைக்காதே.

1942 முதல் மூன்றரை வருட ஜப்பானிய ஆட்சியில் இந்தத் தீவைக் காப்பாற்றியது டின்னா? மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் கீரையும். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது யார் பட்டினி கிடந்தார்? அரிசி இறக்குமதி செய்பவர் மாத இறக்குமதியைப்போல் இரண்டு மடங்கு இருப்பு வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தக் கிடங்கை நம்பாதவர், துருப்பிடித்த டப்பாவை நம்புகிறார்.

இதில் இன்னொரு கூத்து. தாழ்வாரத்தில் கருவாடு வறுத்தால் மூக்கைப் பொத்துகிறவர்கள்தாம் டின்னை அடுக்குகிறவர்கள். இவர்கள் பிள்ளைகளுக்குத் துவரம்பருப்பு வேகவைக்கத் தெரியாது. சுடுதண்ணீர் ஊற்றினால் நூடுல்ஸ் வரும், அதுதான் சமையல். நெருக்கடி வந்தால் இவர்கள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பட்டினி கிடப்பார்கள்.

அக்காவின் அடி வரிசையில் மூன்று டின்கள் புடைத்திருந்தன. உள்ளே கிருமி விட்ட வாயுவா, புளிப்பு தகரத்தைத் தின்ற வாயுவா, வெளியிலிருந்து சொல்ல முடியாது. திறக்காமல், முகராமல், இரட்டைப் பையில் கட்டி எறிந்தோம். உங்கள் வீட்டு ஷெல்ட்டரையும் இன்றே திறந்து, அடி வரிசைத் தேதியைப் படியுங்கள். ஓப்பனர் கிடைத்தால் அக்காவுக்கும் ஒன்று கொடுங்கள்.