கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளமில்லை



போன மாரியில் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்மதிப் படம் சுற்றியது ஞாபகமிருக்கும். வட்டைப் பக்கம் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். "வெள்ளாமை முழுக்க தண்ணிக்குள்ள" என்று குரல் பதிவும் கூடவே வந்தது. மஃரிபுக்கு முன் எட்டுப் பத்துப் பேர் மோட்டார் சைக்கிளில் ஓடினோம். வயல் அப்படியே இருந்தது. நாம் வெள்ளம் என்று நினைத்தது முகிலின் நிழல்!

ஏன் ஏமாந்தோம்? செய்மதி நமது போன் கமரா போல் பார்ப்பதில்லை. சென்டினல்-2 என்ற செய்மதி 13 அலைநீளப் பட்டைகளில் படம் எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரும் அதில் அடக்கம். தண்ணீர் அந்தக் கதிரை விழுங்கிவிடும், அதனால் கடலும் களப்பும் கறுப்பு. பச்சைப் பயிர் அதை நன்றாகத் தெறிக்கவைக்கும். தடித்த முகில் பெரும்பாலான பட்டைகளில் வெள்ளை. இதை வைத்தே தரை, கடல், முகில் என்று கணினி பிரிக்கிறது. பெரும்பாலும் சரியாகத்தான் பிரிக்கும். ஆனால் முகில் நிழல் விழுந்த தரையிலிருந்து வெளிச்சம் குறைவாகவே திரும்புவதால் அதுவும் தண்ணீர் மாதிரியே இருக்கும். வெண்மணல் கரை முகிலாகத் தெரிவதும் உண்டு, மழைக்குப் பின் கலங்கிய களப்பின் ஓரம் தரையாகத் தெரிவதும் உண்டு.

நிழலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இந்தச் செய்மதி காலை பத்தரை மணியளவில் கடந்து போகிறது. மாரி காலத்தில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கே. ஆகவே முகிலுக்கு வடமேற்கே அதே வடிவில் கறுப்பு இருந்தால் அது நிழல்தான்.

நம்மை உறுத்துவது வேறொன்று. அதே படத்தில் ஆற்றோரத் தெருக்களின் மேல் வெள்ளை முகில் மூடியிருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. உண்மையில் முழங்கால் தண்ணீர் நின்றது அங்கேதான். சமைத்த சாப்பாடு அவர்களுக்குப் போய்ச் சேர மறுநாளாயிற்று. முகில் மூடிய இடம் "தெரியாத இடம்", "பாதிப்பில்லாத இடம்" அல்ல. முகிலை ஊடுருவிப் பார்க்க சென்டினல்-1 போன்ற ராடார் செய்மதி வேண்டும். அதிலும் விதைப்புக்குத் தண்ணீர் கட்டிய வயல் வெள்ளம் போலவே தெரியும், நமது போடிமார் சிரிப்பார்கள்.

நிவாரணப் பட்டியல் போடும் சகோதரர்களே, இந்த மாரியில் படத்தில் வெள்ளையாக இருக்கும் தெருக்களுக்கு முதலில் போன் எடுங்கள். திகதி இல்லாத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.