வெற்றிக்கு உரியவர் யார்?

2023 மார்ச் 3-ஆம் தேதி இரவு, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். கால்பந்தாட்டத்தில் பெங்களூரு எப்.சி. அணி கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை 1-0 என்ற கணக்கில் வென்றது. ஏட்டில் பதிந்துள்ள முடிவு இதுதான். ஆனால் அது உண்மையில் வெற்றிதானா என்ற வாதம் அந்த இரவோடு ஓயவில்லை. தமிழரும் கன்னடரும் மலையாளிகளும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் நகரம் இது. தொழிற்சாலை கான்டீனிலும் அலுவலக மேஜையிலும் கால்பந்துப் பேச்சு எழுந்தால், அந்த ஒரு கோல் வந்து நடுவில் நிற்கிறது. விளையாட்டாகத் தொடங்கும் பேச்சு சில வேளைகளில் மனக்கசப்பில் போய் முடிகிறது. ஆகவே, இந்த வழக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

லீக் சுற்றில் 34 புள்ளிகள் பெற்று 4-ஆம் இடத்தில் இருந்த பெங்களூரும், 31 புள்ளிகள் பெற்று 5-ஆம் இடத்தில் இருந்த கேரளாவும் மோதிய ஆட்டம் அது. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும், வென்றவர் அரையிறுதிக்கு. 90 நிமிடங்களில் இரு தரப்பும் கோல் போடவில்லை. கூடுதல் நேரம் தொடங்கி ஆறேழு நிமிடங்களில், பெனால்டி பகுதிக்கு வெளியே பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைத்து முடிக்கவில்லை. கோல்கீப்பரும் தம் இடத்தில் தயாராக இல்லை. அந்தக் கணத்தில் சுனில் சேத்ரி பந்தை உதைத்தார். பந்து வலைக்குள் சென்றது. நடுவர் கிரிஸ்டல் ஜான் அதைக் கோல் என்று அறிவித்தார். கேரள அணியினர் வாதாடினர். பயிற்சியாளர் இவான் வுகொமானோவிச் தம் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் திரும்பி வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, ஆட்டம் பெங்களூருக்கே என்று முடிவு சொல்லப்பட்டது.

கால்பந்து விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக் என்பது தவறு இழைக்கப்பட்ட அணிக்குக் கிடைக்கும் உரிமை. எதிரணியினர் பந்திலிருந்து பத்து கெஜம், அதாவது 9.15 மீட்டர், விலகி நிற்க வேண்டும். அவர்கள் விலகும் வரை காத்திருப்பதா, உடனே உதைப்பதா என்பது உதைப்பவரின் விருப்பம். ஒவ்வொரு ஃப்ரீ கிக்குக்கும் விசில் ஊத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால், "விசிலுக்குக் காத்திரு" என்று நடுவர் ஒருமுறை சைகை காட்டிவிட்டால், அதன்பின் விசில் இல்லாமல் உதைக்கக் கூடாது. தவறு செய்தவன் தன் அரணைக் கட்டி முடிக்கும் வரை பாதிக்கப்பட்டவன் காத்திருக்க வேண்டும் என்பதில் நியாயம் இல்லை. அதனால்தான் இப்படி ஒரு விதி வந்தது.

அப்படியானால் கேரளத்தின் குறை வெறும் வாதமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நடுவர் தங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்ததால் விசில் வரும் என்று நம்பினோம் என்பது அவர்கள் தரப்பு. அந்த நம்பிக்கை சரியா என்பது, நடுவர் வீரர்களிடம் என்ன சொன்னார், என்ன சைகை காட்டினார் என்பதைப் பொறுத்தது. பந்து எங்கே போனது என்பதைப் படக்கருவி காட்டும். அதை வைத்து மட்டும் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. ஆகவே, நடுவரின் விளக்கத்தைக் கேட்கவும் மேல்முறையிடவும் அவர்களுக்கு முழு உரிமை இருந்தது.

அந்த உரிமையின் பலத்தைக் குறைத்தது அவர்களுடைய வெளிநடப்புதான். ஆட்டத்தில் இன்னும் இருபது நிமிடங்களுக்கு மேல் மீதம் இருந்தது. ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். களத்தில் நின்றிருந்தால் அதைச் சமன் செய்திருக்கலாம், வென்றும் இருக்கலாம். தோற்றிருந்தாலும், "ஆடினோம், ஆனால் அநீதியால் தோற்றோம்" என்று சொல்லும் தகுதி மிஞ்சியிருக்கும். அந்த இருபது நிமிடங்களை அவர்களிடமிருந்து நடுவர் பறிக்கவில்லை, அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். பெங்களூருக்கும் அதில் நஷ்டம் உண்டு. கடைசி விசில் வரை நின்று தன் வெற்றியை நிரூபிக்கும் வாய்ப்பு அதற்கும் இல்லாமல் போயிற்று. வாதம் இன்றும் தொடர்வதற்கு அந்தக் கோலைவிட, ஆடப்படாத அந்த நிமிடங்களே காரணம்.

மறு ஆட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஏற்கவில்லை. அதே மாதம் 31-ஆம் தேதி கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அணியும் பயிற்சியாளரும் பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தனர். 2012 டிசம்பரில் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஆட்டத்தில், இடைவேளைக்குப் பின் களமிறங்க மறுத்த மோகன் பகானும் இதே பாடத்தைக் கற்றது. முதலில் தடை, பின்னர் அது நீக்கப்பட்டு 2 கோடி ரூபாய் அபராதம்.

பெங்களூரு ரசிகர்களும் தங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். அரையிறுதியில் அவர்கள் அணி வென்றது, லீக் சுற்றில் 46 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்த மும்பையை. அதுவும் பெனால்டியில், 9-8 என்று. 12 புள்ளிகள் குறைவாகப் பெற்ற அணி இறுதிக்குப் போனதே, இது நியாயமா என்று மும்பைக்காரர் கேட்கலாம். மார்ச் 18-ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் 2-2 என்ற சமநிலைக்குப் பின், மோகன் பகானிடம் பெனால்டியில் 3-4 என்று பெங்களூரு தோற்றது. நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று பதினைந்து நாள் முன்பு சொன்ன தரப்பிலிருந்தே, அன்று நடுவர் மீது குறை எழுந்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: அணி கடைசி உதை வரை களத்தில் நின்றது.

இந்த நகரத்துக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, பிரான்சிடம் 1-2 என்று தோற்றது. இரண்டு பெனால்டிகள் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றி கைநழுவியது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். வெற்றி ஏட்டில் பிரான்சின் பெயர் இருக்கிறது. ஆனாலும் அந்த அணியை இந்தியா இன்றும் மதிப்போடு நினைக்கிறது. ஆடி முடித்துத் தோற்றவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை அது.

உழைக்கும் மக்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. மேற்பார்வையாளரின் உத்தரவு தவறாக இருக்கலாம். அதற்கு மனு உண்டு, சங்கம் உண்டு, முன்னறிவிப்புக் கொடுத்துச் செய்யும் வேலைநிறுத்தமும் உண்டு. ஆத்திரத்தில் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியேறியவனின் வழக்கோ, நியாயம் அவன் பக்கம் இருந்தாலும், விசாரணையில் இளைத்துப் போகிறது.

சம்மேளனத்துக்கும் கடமை உண்டு. அபராதம் விதிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடாது. சர்ச்சைக்குரிய தீர்ப்புக்கு நடுவர் கொடுத்த காரணத்தை மறுநாளே மக்களுக்குச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. காரணம் தெரியாத இடத்தில்தான் சந்தேகம் வளரும்.

விதிப்படி அந்த வெற்றி பெங்களூருக்கு உரியது. அதை மறுப்பது முறையல்ல. முழுமையான வெற்றியாக அது இல்லையே என்று ஏங்குவதும் தவறல்ல. ஆனால் அந்த ஏக்கம், பக்கத்து நாற்காலியில் இருக்கும் மலையாளித் தோழரோடு பேச்சை முறிக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த முறை இரு அணிகளும் மோதும்போது, இருவரும் சேர்ந்தே போய்ப் பார்க்கட்டும். கடைசி விசில் வரை இருந்து பார்க்கட்டும்.