பாதை வெட்டியோருக்குக் காணி உறுதி எங்கே?

மலைநாட்டின் மீது திடீரென ஒரு காதல் பிறந்திருக்கிறது! மூடுபனியைக் கண்டு உருகுகிறார்கள். அருவியைக் கண்டு மயங்குகிறார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்தேறும் ஒற்றையடிப் பாதையைக் கண்டு, இதுவன்றோ இலங்கையின் புதையல் என்று பூரிக்கிறார்கள். அந்தப் புதையலுக்குப் 'பீக்கோ பாதை' என்று நாமகரணமும் சூட்டியாயிற்று. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று எமது ஊவா மலைகளைச் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது அப்பாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் அதற்குப் பொருளுதவி செய்தன.

நடக்க வருவோர்க்கு நாம் பகைவர் அல்லர். நமுனுகுலையின் சிகரங்களை அவர்கள் காணட்டும். துன்கிந்த அருவியின் சாரலில் நனையட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வரும் அந்தத் தனி மணத்தை நுகர்ந்து செல்லட்டும். விருந்தினரை வெறுப்பது தமிழர் பண்பன்று. ஆனால், விருந்தினரை அழைத்துவந்து நடத்திக் காட்டுவோரிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: இந்தப் பாதையை வெட்டியவர் யார்?

வானத்திலிருந்து விழுந்ததா பாதை? கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் மலைக்கும் தொழிற்சாலைக்குமாக நடந்து நடந்து மிதித்த தடம் அது. கானும் பாதையும் வெட்டியவர் எமது பாட்டன்மார். கல் அடுக்கியவரும் அவர்களே. அந்தப் பாட்டன்மார் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததும் கால்நடையாகத்தான். தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக மாண்டார்கள். புதைத்த இடத்தில் ஒரு கல்லுமில்லை. கல்லில் எழுதப் பெயருமில்லை. இலங்கையின் முதல் நெடுநடைப் பாதை எது என்று எவரேனும் கேட்டால், நாம் சொல்வோம்: அந்தப் பாதைதான்!

அதை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். ஜூலை இறுதியில் தொடங்கிய நடை ஆகஸ்டில் முடிந்தது. 200 ஆண்டுகளின் கணக்கைக் கேட்ட நடை அது. உல்லாசப் பாதைக்கு வழிகாட்டிப் பலகைகள் எழுந்தன. உயிர் கொடுத்த பாதைக்கு?

பெயரைப் பாருங்கள், பெயரை! பீக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். இலைக்குக் கிடைத்த பெருமை இலையைப் பறித்த கைக்குக் கிடைக்கவில்லை. தம்பேதென்னைத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் அளவு ஏறினால் 'லிப்டன் இருக்கை' வருகிறது. 1890இல் தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டன் அங்கே அமர்ந்து தம் பசுமைச் சாம்ராச்சியத்தைப் பார்த்தாராம். அமர்ந்தவருக்கு இருக்கை, அவர் பார்த்து மகிழ்ந்த அந்தச் சரிவெங்கும் குனிந்து நின்று கவ்வாத்து வெட்டியவருக்கு ஒரு கற்பலகையேனும் உண்டா?

பெயர் போகட்டும், வயிற்றுக்கு வருவோம். உல்லாசப் பயணம் வளர்ந்தால் தோட்டத்து மக்களும் பிழைப்பார்கள் என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எல்லவிலே சொந்தக் காணியுடைய ஒரு குடும்பம், வீட்டின் இரண்டு அறைகளை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வருவோர்க்கு வாடகைக்கு விடுகிறது, பிழைக்கிறது. நல்லது, வாழட்டும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லயத்துக் காம்பராவில் வாழும் கொழுந்துக்காரி அப்படிச் செய்ய முடியுமா? அந்தக் காம்பரா அவளுடையதன்று. தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் அதில் வாழும் உரிமை. ஒரு சுவரை இடித்துக் கட்டவும் நிருவாகத்தின் அனுமதி வேண்டும். காணி உறுதி இல்லை. ஆகவே வங்கிக் கடன் இல்லை. ஆகவே விடுதி இல்லை, தேநீர்க் கடையும் இல்லை. பாதை அவள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. பணம் அவள் வாசலைத் தாண்டிக்கொண்டு போகிறது! துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகிவிட்டன. லயம் லயமாகவே நிற்கிறது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, ஆடுமாடுகளைப் பங்கிடுவதுபோல் எம்மவரைப் பங்கிட்டனர். 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையில் இன்று ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்கக் கூட்டம் அலைமோதுகிறது. அதே பாதையில்தான் ஊவாத் தோட்டங்களின் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தலைமன்னாரை நோக்கி அனுப்பப்பட்டன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை தீர்ந்தது. எசமானர் மாறினர், சட்டங்கள் மாறின. லயத்துக் குடும்பத்தின் காலடி மண் மட்டும் அதற்கு உரியதாகவில்லை.

காணி இல்லாமை வறுமையை மட்டும் தருவதில்லை, மரணத்தையும் தரும். அப்புத்தளைப் பக்கமிருந்து தியலும அருவியைக் காணச் செல்வோர் கொஸ்லாந்தையைக் கடந்துதான் போகிறார்கள். அதன் அருகே மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து, லயங்களை மனிதரோடு மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, இடம்பெயர்ந்து குடியேற ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. தப்பியவர்க்குப் புது வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் இடிந்து உயிர் குடித்தன. அருவியை அழகாக்கும் அதே மழைதான் லயத்தின் முதுகிலும் விழுகிறது. அருவியை வரைபடத்தில் குறிக்கத் தெரிந்தவர்க்கு, ஆபத்திலுள்ள லயத்தைக் குறித்து அங்குள்ளோரை அகற்றிக் குடியேற்றத் தெரியாதா?

நடைப்பாதையில் அரசியலைப் புகுத்தாதீர் என்று சில பெரிய மனிதர்கள் எமக்கு உபதேசிக்கக்கூடும். ஐயா, பாதையில் அரசியலைப் புகுத்தியவர் நாமல்லர். யார் நடக்கலாம், யார் குடியிருக்கலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் செய்த நாளிலேயே அது புகுந்துவிட்டது. வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதி வந்து பல ஆண்டுகளாகின்றன. சில குடும்பங்கள் பெற்றன, மகிழ்ச்சி. பெறாதோரின் வரிசையோ நீண்டு கிடக்கிறது. தருமமாகக் கேட்கவில்லை நாம். கூலியில் மிச்சம் வைத்த பாக்கியைக் கேட்கிறோம்.

எமது கோரிக்கைகள் நான்கு. ஒன்று, லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு வீட்டுக் காணியும் அதற்குரிய சட்டபூர்வமான உறுதியும் வழங்குக. உறுதியில் பெண்ணின் பெயரும் இருக்கட்டும். இரண்டு, மண்சரிவு அபாயமென்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளோரை அடுத்த மழைக்கு முன் பாதுகாப்பான நிலத்தில் குடியேற்றுக. மூன்று, நடைப்பாதையால் வரும் வருமானத்தில் அது கடந்து செல்லும் தோட்டத்து மக்களுக்கு ஒரு பங்கை நிர்ணயித்து, அவர்களே தெரிவு செய்யும் சங்கத்தின் கையில் கொடுக்குக. வழிகாட்டும் தொழிலில் தோட்டத்து இளைஞர்க்கு முதலிடம் தருக. நான்கு, வழிகாட்டிப் பலகைகளில் தமிழும் இருக்கட்டும். தோட்டத்து மக்கள் வழங்கும் மலைப் பெயர்களும், பாதை வெட்டியவர் யாரென்ற வரலாறும் அங்கே எழுதப்படட்டும்.

வரப்பின் ஒரு முழத்துக்காக நீதிமன்றப் படி ஏறும் கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கு மண்ணின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வரப்பு உங்களுக்கு எப்படியோ, அப்படியே தோட்டத்து மகனுக்கு அவன் வாசற்படி. வழக்கறிஞர்களே, நில அளவையாளர்களே, ஆசிரியர்களே! உங்களில் பலர் லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்து மேலேறியவர்கள். உறுதி எழுதவும், காணி அளக்கவும், மனு வரையவும் உங்கள் கை வேண்டும். விடுமுறையில் நீங்களும் அந்தப் பாதையில் நடப்பீர்கள், நடக்கத்தான் வேண்டும். நடக்கும்போது பள்ளத்தாக்கை மட்டும் பாராமல், வழியோரத்து லயத்தின் கதவையும் பாருங்கள். அங்கே நிற்பவளிடம், இந்த மண் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.

"எங்களுடையது" என்று அவள் உறுதியைக் காட்டிச் சொல்லும் நாளில்தான் இந்தப் பாதை வெட்டி முடிந்ததாக நாம் ஒப்புக்கொள்வோம். அதுவரை அது பாதிப் பாதையே!