கணக்கைக் கைமாற்றும் பிள்ளைகள்

காலேஜில் முதலாம் ஆண்டு படிக்கும் பையன் ஐயாயிரம் ரூபாயைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்கிறான். ‘ஆன்லைன்ல ஒரு பார்ட் டைம் வேலைம்மா’ என்கிறான். அம்மா பூரித்துப்போய்ப் பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறாள். அப்பா அன்றைக்கே ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்.

என்ன வேலை, யார் கொடுத்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? மார்க் இரண்டு குறைந்தால் விடைத்தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிற நாம், பிள்ளை பணத்தோடு வந்தால் மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை?

பல பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் அந்த ‘வேலை’யைச் சொல்கிறேன். டெலிகிராமில் அழைப்பு வரும். சில நேரம் தெரிந்த சீனியரே கூப்பிடுவான். தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கணக்கோடு இணைத்த சிம் எல்லாவற்றையும் கூப்பிட்டவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கமிஷன். பிறகு எங்கோ ஒரு முதியவரை, போலீஸ்போல் வீடியோ காலில் பேசி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பறித்த பணம் அந்தக் கணக்கில் விழும். சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். பறித்தவன் பெயர் எங்கும் இருக்காது. ஆதார், பான், கையெழுத்து எல்லாம் நம் பிள்ளையுடையவை. பணத்தை இழந்தவர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் அந்த மாநிலப் போலீஸே நம் வாசலுக்கு வரும்.

ஆள்மாறாட்டம் செய்து இணையவழியில் ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 7 ஆண்டு வரை உண்டு. தெரிந்தே துணைபோனவனும் தப்ப முடியாது. ஒன்றும் தெரியாமல் கொடுத்தவனுக்குக்கூடக் கணக்கு முடக்கம், விசாரணை, ஸ்டேஷன் அலைச்சல் என்று படிப்பு பாழாகிறது. இதை அவனுக்கு யார் சொன்னோம்?

‘அத்தை பையன் படிக்கும்போதே சம்பாதிக்கிறான், நீ எப்பப் பாரு போனும் கையுமா இருக்கே.’ சோற்றுத் தட்டுக்கு முன்னால் தினமும் இந்தப் பேச்சு. கல்விக் கடனையும் ஹாஸ்டல் பீஸையும் பிள்ளையின் காதுபடக் கணக்குப் போடுகிறோம். பொறுப்பு வரட்டும் என்றுதான் சொல்கிறோம். நம் நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால், எப்படியாவது பணம் கொண்டு வா என்றுதானே அவன் காதில் விழுகிறது?

மாட்டிக்கொண்டேன் என்று அவன் வந்து நிற்கும் நாளில், தயவுசெய்து கையை ஓங்காதீர்கள். அன்றே வங்கிக்கு அழைத்துப் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு சைபர் கிரைம் போலீஸில் நடந்ததை எழுதிக் கொடுங்கள். உங்கள் பணமே மோசடியில் போயிருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். பயத்தில் போனில் உள்ள செய்திகளை அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். அவனை யார் கூப்பிட்டார்கள், என்ன சொல்லிக் கணக்கை வாங்கினார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.