அடுப்பேறா இனிப்பும் அடுக்களைத் தமிழும்

ஒரு மொழி முதற்கண் எங்குத் தேயத் தொடங்குகின்றது? நூலகத்தில் அன்று, நாளிதழில் அன்று, பாட்டரங்கிலும் அன்று. அஃது அடுக்களையில் தேயத் தொடங்குகின்றது. அறிஞர் எழுதும் மொழியைக் காக்க அகரமுதலிகள் உள. ஆட்சிமொழியைக் காக்கச் சட்டங்கள் உள. ஆனால், தாய் தன் மகவை நோக்கி, "இதைப் பிழி, இதை வடி, இதைக் குழை" என்று ஏவுகின்ற மொழியைக் காப்பதற்கு அத் தாயின் நாவைத் தவிர வேறு காவல் இல்லை. அந்தக் காவல்தான் இக்கால் தளர்ந்து வருகின்றது.

ஐயமிருப்பின், நகரத்து வீடு ஒன்றின் அடுக்களையில் அரைமணி நேரம் நின்று செவிகொடுத்துப் பாருங்கள். 'கட் பண்ணு', 'பீல் பண்ணு', 'மிக்ஸ் பண்ணு' என்னும் மூன்று ஏவல்களிலேயே பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடுகின்றன. அரிதல், நறுக்குதல், கீறுதல், பிளத்தல், வகிர்தல் எல்லாம் 'கட்' என்னும் ஒரே குழியில் விழுந்தன. உரித்தலும் சீவுதலும் 'பீல்' ஆயின. பிசைதல், மசித்தல், குழைத்தல், கடைதல், விரவுதல் என்பனவற்றை 'மிக்ஸ்' விழுங்கிற்று. பிசைதல் விரல்களின் வேலை. மசித்தல் அழுத்தத்தின் வேலை. குழைத்தல் இளகிய பதத்திற்குக் கொண்டுவருதல். கடைதல் மத்தின் சுழற்சி. விரவுதல் ஒன்றனுள் ஒன்று பரவும்படி சேர்த்தல். ஐந்தும் ஐந்து செயல்கள், ஐந்து பதங்கள், ஐந்து கைப்பழக்கங்கள். பெயர்ச்சொல் ஒன்று கடன் வந்தால் அதன் இடத்திற்கு இன்னொரு பெயரைப் படைத்துக்கொள்ளலாம். வினைச்சொற்கள் கூட்டம் கூட்டமாய் மறைந்து, 'பண்ணு' என்பது ஒன்றே எஞ்சுமாயின், பேசுவோனின் நுண்ணுணர்வே மழுங்கிவிடும். கையால் செய்யும் வேறுபாட்டை நாவால் சொல்லத் தெரியாதவன், நாளடைவில் அவ் வேறுபாட்டைக் கையாலும் செய்ய மாட்டான்.

இதற்கு நாம் இதுவரை செய்துள்ள மருந்து என்ன? 'சாக்லேட்'டுக்கு ஒரு சொல், 'ஐஸ்கிரீ'முக்கு ஒரு சொல், 'கேக்'குக்கு ஒரு சொல் என்று பெயர்கள் படைத்துப் பட்டியலிட்டோம். அப் பணி வேண்டுவதே, அதனைக் குறைகூறேன். ஆயினும், புதுச்சொல் படைக்கும் அதே நேரத்தில் பழஞ்சொல்லைப் பறிகொடுப்பது, வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் புறம்போக்கில் ஊற்றுத் தேடுவதை ஒக்கும். தனித்தமிழ் முயற்சி 1916-ஆம் ஆண்டில் வேர்கொண்டது எவ்வாறு? மறைமலையடிகள் தம் மகளார் நீலாம்பிகையுடன் வீட்டுத் தோட்டத்தில் உலவியபோது, வள்ளலார் பாட்டில் வந்த 'தேகம்' என்னும் வடசொல்லின் இடத்தில் தமிழ்ச்சொல் ஒன்று நின்றிருப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்று கூறிய அவ் உரையாடலே வித்தாயிற்று. தந்தையும் மகளும் வீட்டில் பேசிய பேச்சில் பிறந்ததை, மேடையில் மட்டும் வைத்து வளர்க்க முற்படுவது எங்ஙனம் பொருந்தும்?

ஆகலின், இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் எளிய வேலை ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். வரும் கோடை விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டாமல், நம் மண்ணின் கனிகளைக் கொண்டு இனிப்புச் செய்யுங்கள்.

அடுப்பு ஏன் வேண்டா எனின், தீ எரியும் இடத்தில் குழந்தைக்கு முதலில் கிடைக்கும் ஏவல் "அப்பால் போ" என்பது. தீயில்லா வேலையிலோ அக் குழந்தையே நடுவில் அமரும். அரிவாள்மனை மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். ஏனைய எல்லாம் சிறு கைகளுக்கு உரியன. கனி ஏன் எனின், கனிவளம் மிக்க வெப்பநாட்டில் வாழ்ந்த நம் முன்னோர், பழத்தைப் பற்றிப் படைத்து வைத்துள்ள சொற்செல்வம் அளவிறந்தது. மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் (1902–1981) இவற்றை நிரல்பட எடுத்துக் காட்டித் தமிழின் வளத்தை நிறுவினார். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை. மெல்லிய மேலுறை தொலி, தடித்தது தோல், வன்மையானது தோடு, மிக வன்மையானது ஓடு. காயும் கனியும் கெடும் வகைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: நுனி சுருங்கியது சூம்பல், சூட்டினால் முதிராமலே பழுத்தது வெம்பல், குளுகுளுத்துப் போனது அளியல், நாறியது அழுகல். பழம் வாங்கும்போதே பிள்ளையின் கையில் கொடுத்து, "இது செங்காயா, கனியா, வெம்பலா?" என்று கேளுங்கள். முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலில் வாழை. மக்கள் 'பஞ்சாமிர்தம்' என்று வழங்கும் பழனி ஐயமுதை அறியாதார் இலர்; அதற்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுப்பில் வேகாமலும், ஒரு துளி நீர் சேராமலும் ஆவது அது. வீட்டில் செய்வதற்கு நன்கு கனிந்த மலைவாழைப்பழம் ஆறு, நாட்டுச் சருக்கரை 100 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் பத்து, கற்கண்டு ஒரு கைப்பிடி, தேன் இரண்டு கரண்டி, வெயிலில் வைத்து இளகிய நெய் ஒரு கரண்டி, பொடித்த ஏலக்காய் மூன்று போதும். பழத்தைப் பிள்ளை உரிக்கட்டும், பிசையட்டும், சருக்கரையைத் தூவி மறுபடியும் பிசையட்டும். சிறிது நேரத்தில் நீர் ஊற்றாமலே பிசைந்தது இளகும். "நீர் எங்கிருந்து வந்தது?" என்று பிள்ளை கேட்கும். சருக்கரை பழத்தினுள் இருந்த நீரை வெளியே இழுத்துக்கொண்டது என்று சொல்லுங்கள். இயற்கை அறிவும் தாய்மொழியும் ஒரே ஏனத்தில் பிசையப்படும் இடம் இதுவே. ஓர் எச்சரிக்கை: ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஊட்டலாகாது, அதற்குப் பழத்தை மட்டும் மசித்துக் கொடுங்கள்.

அடுத்தது மா. மாம்பழச் சாற்றை வெயிலில் வார்த்து உலர்த்தி எடுக்கும் இனிப்பைத் தெலுங்கர் 'மாமிடி தாண்ட்ர' என்கின்றனர். மலையாளத்தார் 'மாங்ஙாத்தெர' என்கின்றனர். நாம் மாந்திரை எனலாம். நார்மிக்க நாட்டு மாம்பழமே இதற்கு ஏற்றது. காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டுக் கழுவிய பழத்தைப் பிள்ளை இரு கைகளாலும் உருட்டி நெகிழ்த்தட்டும். பின்னர்ச் சாற்றைப் பிழிந்து துணியில் வடிகட்டட்டும். புளிப்பு மிகுந்தால் சிறிது சருக்கரை சேர்க்கலாம். நெய் தடவிய தட்டிலோ தூய பாயிலோ தோசைக்கு வார்ப்பது போல் மெல்லிதாய் வார்த்து, ஈ மொய்க்காதவாறு மெல்லிய துணியால் மூடி வெயிலில் வையுங்கள். பனி இறங்குமுன் உள்ளே எடுங்கள். மறுநாள் அதன்மேல் இன்னொரு வார்ப்பு. இவ்வாறு ஏழெட்டு நாள் வார்த்தால் தடித்த மாந்திரை ஆகும். அரிந்து சுருட்டி வைத்தால் நெடுநாள் கெடாது. நீர் வற்றிய இடத்தில் பூசணத்திற்கு வாழ்வில்லை. கனியின் இனிப்பும் புளிப்பும் செறிந்து தமக்குத் தாமே காவலாகின்றன. அந்த ஒரு கிழமையில் பிள்ளை கற்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: ஈரம் உலர்கின்றது, சாறு வற்றுகின்றது, ஓரம் காய்கின்றது, மேற்புறம் திரைகின்றது. இவை நான்கையும் 'டிரை ஆகுது' என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இவ் வேறுபாடு கண்ணிலும் படாது.

மாவைப் பற்றி இன்னொரு செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 'மேங்கோ' என்று அவர்கள் பெருமிதத்தோடு ஒலிக்கும் ஆங்கிலச்சொல் ஆங்கிலேயர் படைத்தது அன்று. மாங்காய், மாங்கா என்னும் நம் தென்னாட்டு வழக்கே போர்த்துகீசியர் நாவில் 'மாங்க' ஆகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. நம் பொருளை நம்மிடமே பெயர்மாற்றி விற்கின்றனர். நாமும் விலைகொடுத்து வாங்குகின்றோம்.

மூன்றாவது பலா. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாமல் பலாவைத் தொட்டால் பால் ஒட்டும் என்பதை ஒருமுறை ஒட்டிப் பார்த்துப் பிள்ளை அறியட்டும். பெரியவர் பிளந்து தந்ததும், சடையை விலக்கிச் சுளையைப் பிரித்தெடுத்துக் கொட்டையைப் பிதுக்கும் வேலை முழுவதும் சிறுவர்க்கே. சுளைகளை மெல்லிதாய்க் கிழித்து, தேங்காய்த் துருவலும் பொடித்த கருப்பட்டியும் தூவி, தேன் வார்த்து ஒரு நாழிகை ஊறவிட்டால் போதும். எஞ்சிய கொட்டையை வீணாக்காதீர். மறுநாள் குழம்புக்கு ஆகும்.

நான்காவது பனை. இதற்குக் கோடை அன்று, ஆடி ஆவணியே பருவம். யாழ்ப்பாணத் தமிழர் பனம்பழத்தின் தோலை நீக்கி, கொட்டையைச் சுற்றிய தும்பிலிருந்து களியைப் பிசைந்தெடுத்து, வடித்து, ஓலைப்பாயில் பரப்பி, வெயிலில் காயவிட்டு, நாள்தோறும் மேலே மேலே வார்த்துப் பனாட்டு ஆக்குவர். அதனைப் பாணியில் ஊறவைத்தால் பாணிப் பனாட்டு. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அம் மரத்தின் பழம் உதிர்ந்து தரையில் கிடந்து அழுகுவதைக் கண்டுகொண்டே நாம் கடந்து செல்கின்றோம். பனாட்டு என்னும் சொல்லை இங்குள்ள பிள்ளைகளுள் எத்துணைப் பேர் கேட்டிருப்பர்? செய்பொருள் அழிந்தால் சொல் அகரமுதலியில் பிணமாய்க் கிடக்கும். செய்பொருளை உயிர்ப்பித்தால் சொல் தானே எழுந்து நடக்கும்.

"இத்துணை உழைப்பு எதற்கு? கடையில் ஐந்து உருபாவுக்கு இனிப்புக் கிடைக்கின்றதே" என்பார் உளர். கிடைக்கின்றது, மறுப்பதற்கில்லை. மாம்பழத்தின் ஒரு துளியும் சேராமல், மணத்தையும் நிறத்தையும் மட்டும் ஏற்றி, உறைமேல் மாம்பழ ஓவியம் தாங்கி வருகின்றவை அவற்றுள் பல. பழம் இல்லாத பழ இனிப்புக்கும், தமிழ் இல்லாத தமிழ்ப்பேச்சுக்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் உறை நம்முடையது. உள்ளீடு நம்முடையது அன்று. போலியைச் சுவைத்தே வளர்ந்த நா மெய்யைக் கண்டால் முகஞ்சுளிக்கும்.

மற்றொன்றையும் ஒளிவின்றிச் சொல்லியாகல் வேண்டும். நம்முள் ஆடவர் பலர் மேடையில் தூய தமிழ் முழங்குகின்றனர். வீட்டில் அடுக்களைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. மகன் அங்குச் சென்றால், "உனக்கு அங்கென்ன வேலை?" என்று தடுக்கின்றனர். பின்னர், "வீட்டில் பெண்கள் ஆங்கிலம் கலந்து பேசுகின்றனர்" என்று நொந்துகொள்கின்றனர். பிசைதல், கடைதல், வடித்தல் முதலாய வினைகளைத் தலைமுறை தலைமுறையாய் நாவில் வைத்துக் காத்துத் தந்தவர் நம் பாட்டியர். அவர்தம் காவலுக்கு நாம் நன்றி சொன்னதில்லை, தோள்கொடுத்ததும் இல்லை. அடுக்களை பெண்ணுக்கென்று எழுதிவைத்த இடம் அன்று. தந்தையும் மகனும் மாம்பழம் பிழியட்டும். பாட்டி நடுவில் அமர்ந்து சொல் தரட்டும். அன்று அவரே ஆசிரியர்.

செய்யும்போது ஒன்றை மறவாதீர். அங்கே பிழைதிருத்தும் கண்காணியாய் நிற்காதீர். பிள்ளை 'மிக்ஸ் பண்ணட்டுமா?' என்று கேட்டால் சினவற்க, இடைமறிக்கவும் வேண்டா. "ஆம், நன்றாகப் பிசை" என்று விடையிலேயே தமிழ்ச்சொல்லை வைத்துக் கொடுங்கள். கடிந்து புகட்டிய சொல் செவியோடு நிற்கும். இனிப்போடு ஊட்டிய சொல் நாவோடு நிற்கும். மூன்றாம் முறை அப் பிள்ளையே 'பிசையட்டுமா?' என்று கேட்கும். வேலை முடிந்ததும், அன்று கைகள் செய்த வினைகளையெல்லாம் ஒரு சுவடியில் எழுதச் சொல்லுங்கள். விடுமுறை முடிவில் அச் சுவடி அக் குழந்தை தானே தொகுத்த ஒரு சிற்றகரமுதலியாய் இருக்கும்.

தமிழ்மன்றங்கள் தம் திங்கட்கூட்டங்களில் கடையில் வாங்கிய தின்பண்டங்களை வழங்குவதை நிறுத்தி, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் செய்த கனியினிப்பை வழங்குக. செய்த பிள்ளை எழுந்து நின்று, அதனை எவ்வாறு செய்தது என்று ஐந்து மணித்துளி தமிழில் விளக்குக. நம் சொற்பொழிவுகள் பலவற்றினும் அவ் விளக்கம் மொழிக்கு மிகுந்த நன்மை செய்யும்.

பெயர்ப்பலகைகளில் தமிழ் வேண்டும்; பள்ளியில் தமிழ் வேண்டும்; ஆட்சியில் தமிழ் வேண்டும். இவற்றை வேண்டிப் பிறரிடம் போராட வேண்டியுள்ளது. அடுக்களையில் தமிழ் வாழ்வதற்கோ எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. எந்த ஆணையும் வர வேண்டுவதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழமும், ஒரு கைப்பிடிச் சருக்கரையும், பிள்ளையோடு அமரும் ஒரு மணி நேரமும் போதும். நம் கையிலேயே உள்ள இதனை நாம் செய்யாமல் விட்டு, மொழி அழிகின்றதே என்று பிறரை நோவது முறையாகுமா?

இன்றே பழம் வாங்குங்கள், பிள்ளைகளை அழையுங்கள், பிசையச் சொல்லுங்கள்.